ஒரே ஆளை ரெண்டு தடவை எழுதிட்டா?

சிக்யூ வேர்ல்ட்வைடுனு ஒரு ஹாம் ரேடியோ போட்டி. 48 மணி நேரத்துல உலகம் முழுக்க எத்தனை பேரைப் பிடிக்க முடியுமோ, பிடிக்கணும். ஆனா ஒருத்தரை ஒரு பேண்டுல ஒரு தடவை பிடிச்சாதான் பாயின்ட். ரெண்டாவது தடவைன்னா அது டூப்.

கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி எல்லாமே பேப்பர். லாக் ஷீட் ஒண்ணு, பக்கத்துல டூப் ஷீட் ஒண்ணு. ஒவ்வொரு அழைப்புக்குறி காதுல விழும்போதும் டூப் ஷீட்டைத் துழாவணும். தூக்கக் கலக்கத்துல, ஆயிரம் தடவைக்கு மேல! போட்டி முடிஞ்சும் நிம்மதி கிடையாது. அடிக்காம விட்ட ஒவ்வொரு டூப்புக்கும் கூடுதலா மூணு நல்ல தொடர்புகளைக் கழிச்சிடுவாங்க.

1980களில் அமெரிக்காவின் கென் வுல்ஃப் 'சிடி'னு ஒரு டாஸ் புரோகிராம் எழுதினார். அழைப்புக்குறியை டைப் பண்ணா, டூப்பானு உடனே சொல்லிடும். நம்ம கண்ணுக்கு அது ஒரு சாதாரண லுக்-அப். அவங்களுக்கு ரெண்டு கையும் விடுதலை.

ஆனா அதே சாஃப்ட்வேர் அவங்களை மாட்டியும் விட்டுச்சு. லாக் எல்லாம் ஃபைலா வந்ததும், பிறகு கப்ரில்லோனு ஒரு பொது ஃபார்மேட் அமைஞ்சதும், நடுவர்கள் எல்லா லாக்கையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட ஆரம்பிச்சாங்க. ஒரு எழுத்தைத் தப்பா கேட்டிருந்தாலும் தெரிஞ்சிடும்.

டூப் கதைதான் வேடிக்கை. இப்போ அபராதமே இல்லை. டூப்பை அழிக்காதீங்கன்னு அவங்களே சொல்றாங்க. முதல் தடவை எதிர்ல இருந்தவர் உங்க அழைப்புக்குறியைத் தப்பா எழுதியிருக்கலாம். ரெண்டாவதை நீங்க அழிச்சா, அவர் சரியா எழுதின அந்த வரிக்கு ஜோடி இல்லாம போயிடும்.