ஓநாய் வியாதியும் நீலகிரி மரப்பட்டையும்

2020 ஏப்ரல், ஊரடங்கு நேரம். போலீஸ் நிறுத்தினா காட்ட சட்டைப்பையில மருந்துச் சீட்டு. ஸ்ரீரங்கத்துல இருந்து காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டு, தில்லை நகர்னு கடை கடையா ஏறி இறங்கினேன். எல்லா இடத்துலயும் ஒரே பதில், "ஸ்டாக் இல்ல சார்". நான் தேடினது அத்தை தினமும் சாப்பிடற ஹைட்ராக்சிகுளோரோகுயின்.

அத்தைக்கு லூபஸ். கிருமியை விரட்ட வேண்டிய எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே எதிரின்னு நினைச்சு தோல், மூட்டு, சிறுநீரகம்னு தாக்கற வியாதி. பத்துல ஒன்பது நோயாளிகள் பெண்கள். வெயில் ஆகாது. சித்திரைத் தேரன்னிக்கு அத்தை வாசல்படி தாண்ட மாட்டாங்க. "சொர்க்கவாசல் விடிகாலைல திறக்கறதோ, நான் பொழச்சேன்" என்பார்கள் :)

லத்தீன்ல லூபஸ்னா ஓநாய். முகத்துப் புண் ஓநாய் கடிச்ச மாதிரி இருக்குன்னு அந்தப் பேர் வந்ததா சொல்வாங்க. ரொம்ப காலம் தோல் வியாதின்னே நினைச்சாங்க. உள்ளுறுப்புகளையும் பாதிக்கும்னு 1872ல வியன்னா டாக்டர் கபோசி எழுதினார்.

மருந்துக் கதைல நம்ம நீலகிரியும் உண்டு. 1860களில் தென் அமெரிக்க சின்கோனா மரத்தை வெள்ளைக்காரன் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டான். எல்லாம் மலேரியாவுக்காக. அந்த மரப்பட்டைல இருந்து எடுக்கற குயினைனை 1894ல லண்டன் டாக்டர் பெயின் லூபஸுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரண்டாம் உலகப் போர்ல சிப்பாய்களுக்கு மலேரியா வராம இருக்க மெபாக்ரின்னு ஒரு செயற்கை மருந்து கொடுத்தாங்க. சிலருக்கு தோல் வியாதியும் மூட்டு வலியும் சேர்ந்து குறைஞ்சது. 1951ல டாக்டர் பேஜ் லூபஸுக்கு அது உதவுதுன்னு எழுத, 1955ல ஹைட்ராக்சிகுளோரோகுயின் அமெரிக்காவுல அனுமதி வாங்கிச்சு.

ஆக, யாரும் லூபஸுக்குன்னு தேடிக் கண்டுபிடிச்ச மருந்து இல்லை இது. மலேரியாக்காரன் வீட்டு வாசல்ல தற்செயலா கிடைச்சது. அதையும் 2020ல கொரோனாவுக்குக் கேக்குதாம்னு உலகமே அள்ளிக்கிச்சு. ஜூன்ல பெரிய ஆய்வு முடிவு வந்தப்போ, கொரோனாவுக்குப் பிரயோஜனம் இல்லைன்னு தெரிஞ்சது.

அதுக்குள்ள அத்தை நாள் விட்டு நாள் மாத்திரை போட்டு, விரல் மூட்டெல்லாம் வீங்கி, காபி டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்சாங்க. "யாருக்கோ உயிர் பொழைக்கும்னா எடுத்துக்கட்டும்டா"ன்னு வேற சொன்னாங்க.

யாருக்கும் பொழைக்கலை அத்தை. அதை இன்னும் நான் உங்ககிட்ட சொல்லலை.