குடவோலையும் விலக்கு விதிகளும்: தன்னாட்சிக் குழுக்களின் நெறிமுறை குறித்த ஒரு மறுபார்வை

முன்னுரை

மேலிருந்து ஆளும் தலைமை இல்லாத குழு தன்னைத்தானே எவ்வாறு ஒழுங்குபடுத்திக் கொள்கின்றது? யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது, பொறுப்பை எவ்வளவு காலத்திற்கு ஒப்படைப்பது ஆகிய வினாக்கள், இன்று இணையத்தில் இயங்கும் மையமற்ற குழுக்களின் முன் நிற்கின்றன. இவை புதிய வினாக்கள் அல்ல. அம்பர்நாத், தாராவி, செம்பூர் என மும்பைப் பகுதியில் வாழும் தமிழரிடையே வழங்கும் குலுக்குச் சீட்டிலும் இவையே அடிப்படையாக உள்ளன. உறுப்பினர் பெயர் எழுதிய துண்டுகளைப் பாத்திரத்தில் இட்டுக் குலுக்குவர். பெரும்பாலும் ஒரு குழந்தையே துண்டை எடுக்கும். ஒருமுறை சீட்டு விழுந்தவரின் பெயர் அடுத்த குலுக்கலில் இடம்பெறாது. எழுதப்பட்ட சட்டம் இன்றி நடைபெறும் இம்முறையோடு ஒப்பிடத்தக்க விதிகளை, எழுத்தில் விரிவாகப் பொறித்து வைத்த ஊர் உத்தரமேரூர்.

உத்தரமேரூர்க் குடவோலை முறை ‘மக்களாட்சித் தேர்தலின் முன்னோடி’ எனப் பாடநூல்களிலும் மேடைகளிலும் போற்றப்படுகின்றது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றபோது பிரதமர் உரையிலும் இக்கல்வெட்டு இடம்பெற்றது. அப்போற்றுதலில் தேர்வு முறை முன்னிற்க, விலக்கு விதிகள் பின்தள்ளப்படுகின்றன. உத்தரமேரூர்ச் சபையின் உயிர்நாடி ஓலை எடுப்பதில் இல்லை. விலக்கு விதியிலும் கணக்குக் காட்டும் கடமையிலுமே உள்ளது என்பதை நிறுவ இக்கட்டுரை முயல்கின்றது.

இரு கல்வெட்டுகள், ஒரு திருத்தம்

குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் சோழப் பேரரசுக்கு முற்பட்டது. அகநானூற்றின் 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார் இதனை உவமையாக ஆள்கின்றார். ஆயின், முறையின் முழு விவரமும் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், வெட்டப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகளிலேயே கிடைக்கின்றது. இவற்றை வெங்கையா இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05ஆம் ஆண்டறிக்கையில் ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் சோழர் ஆட்சிமுறை பற்றிய தம் ஆய்வுகளில் இவற்றை விரிவாக விளக்கினார்.

ஒரே சபை இரண்டே ஆண்டுகளில் தன் விதியை மாற்றியெழுதியது என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. 919இல் 30 வயதுக்கு மேல் 60 வயதுக்கு உட்பட்டோர் தகுதியுடையோர் எனப்பட்டனர். 921இல் அவ்வரம்பு 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. முதல் ஆவணம் சுருக்கமானது. இரண்டாவதோ ஓலை எடுக்கும் ஒவ்வொரு செயலையும் வரிசைப்படுத்துகின்றது. விலக்கப்பட்ட உறவினரை முறை சொல்லி எண்ணுகின்றது. துட்டர் கெட்டு நல்லோர் தழைக்க வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் நோக்கமாகக் கூறப்படுகின்றது. விதி நுணுகுவதற்குக் காரணம், முந்தைய விதியின் இடைவெளியில் எவரேனும் புகுந்திருத்தலே எனக் கொள்ளலாம். இரு முறையும் அரச ஆணையைக் கொணர்ந்த அதிகாரி உடனிருந்தார் என்பதும் மறத்தற்கில்லை. எனவே இச்சபையை முற்றிலும் தன்னாட்சியுடையது என்பதினும், அரசின் மேற்பார்வைக்குட்பட்ட தன்னாட்சியுடையது என்பதே பொருந்தும்.

ஓலை எடுக்கும் முறை

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்பின் பெயர் பொறித்த வாயோலை சேர்த்துக் கட்டிக் குடத்தில் இட்டனர். சிறியோரும் பெரியோரும் கூடிய சபையில், நம்பிமார் அனைவரும் மண்டபத்தில் இருக்க, அவருள் மூத்தவர் எல்லோரும் காணுமாறு குடத்தை உயர்த்தி நின்றார். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுத்தான். அதனை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்தபின், அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தந்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசித்தான். நம்பிமாரும் அதனை வாசித்த பின்னரே பெயர் ஏற்கப்பட்டது. இவ்வாறு குடும்புக்கு ஒருவராக 30 பேர் தேர்வாயினர். அவருள் 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் அமைந்தனர். பதவிக்காலம் 360 நாள்.

இம்முறையில் எவரும் எவரையும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. எனவே இது வாக்களிப்பு அன்று. திருவுளச் சீட்டு முறையே. ஏதென்சு நகரில் ஐந்நூற்றுவர் அவைக்கு உறுப்பினரைச் சீட்டால் தேர்ந்ததும், வெனிசுக் குடியரசில் 1268 முதல் தலைவர் தேர்தலின் பல கட்டங்களில் சிறுவனைக் கொண்டு உருண்டைகளை எடுப்பித்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கவை. சார்பற்ற கை, அனைவரும் காணும் குடம், விரித்த விரல் ஆகிய மூன்றும், மனிதர் மீதான ஐயத்தை நெறிமுறையால் நீக்கும் ஏற்பாடுகள் எனலாம்.

விலக்கப்பட்டோர்

குடத்தில் யார் பெயர் இடப்பெறும் என்பதே உண்மையான தேர்வாகும். இறை செலுத்தும் கால் நிலத்துக்கு மேல் உடைமை, சொந்த மனையில் கட்டிய வீடு, வேதக் கல்வி, அறவழியில் ஈட்டிய பொருள் ஆகியன தகுதிகள். ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவர்க்கு அரைக்கால் நிலமே போதுமானதாக இருந்தது. கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர்க்கு மீண்டும் இடமில்லை. பெரும்பாதகம் செய்தோர், பிறர் பொருள் கவர்ந்தோர், பொய்யாவணம் எழுதியோர், கழுதை ஏற்றி இழிவுபடுத்தப்பட்டோர் ஆகியோரும் விலக்கப்பட்டனர்.

இவற்றுள் தலையாயது கணக்கு விதி. வாரியம் செய்து கணக்குக் காட்டாது நின்றவர் மட்டுமன்றி, அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மனைவியின் உடன்பிறந்தார், சகோதரியின் மக்கள் எனச் சுற்றத்தார் பலரும் விலக்கப்பட்டனர். தவறு செய்யாத மருமகனை மாமனாரின் கணக்கிற்காக விலக்குதல் இன்றைய நீதிக்கு ஒவ்வாது. ஆயினும் உறவினர் பெயரில் அதிகாரம் தொடர்வதைத் தடுத்தலே அதன் நோக்கம் என்பது தெளிவு. கணக்கனுக்கும் இவ்வாறே விதி அமைந்தது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்டவேண்டும். வேறொரு கணக்கன் புகுந்து அதனை முடித்தல் ஆகாது.

பேச்சைக் கட்டுப்படுத்திய விதியும் தமிழகத்தில் உண்டு. திருநெல்வேலிப் பகுதியிலுள்ள மானூரில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு, சபையில் எடுத்த பொருள் ஒவ்வொன்றையும் அன்று அன்று என மறுத்துத் தடைசெய்வாரைக் குறிப்பிடுகின்றது. இச்செயலைக் ‘குத்துக்கால்’ என்கின்றது. அவர்க்கும் துணைநின்றார்க்கும் ஐந்து காசு தண்டம் விதிக்கப்பட்டது. கூட்டத்தைக் குலைப்பவரைத் தடுக்க இவ்விதி தேவைப்பட்டிருக்கலாம். நேர்மையான மறுப்பை அடக்கவும் இதே விதி பயன்படக்கூடும். குழு ஒழுங்கு விதிகள் அனைத்திற்கும் உள்ள இருமுகம் இது.

இன்றைய ஒப்புமை

2016இல் தோன்றிய மாஸ்டடான் போன்ற கூட்டமைப்பில் ஒவ்வொரு வழங்கியும் தன் விதியைத் தானே வகுக்கின்றது. ஒவ்வாத வழங்கியோடு தொடர்பை அறுத்துக்கொள்ளவும் செய்கின்றது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் நிர்வாகிகளைச் சக பயனர்களே ஆதரவு தெரிவித்துத் தேர்கின்றனர். மறையீட்டு நாணயத்தைச் சார்ந்த குழுக்கள் சிலவற்றில், வைத்திருக்கும் நாணயத்தின் அளவே வாக்கின் எடையாகின்றது. உத்தரமேரூரிலும் உடைமை நுழைவாயிலாக இருந்தது. ஆனால் வாயிலைக் கடந்தபின் பத்து மடங்கு நிலமுடையவர்க்கும் ஓர் ஓலையே. இவ்வேறுபாடு சிறியதன்று. பதவி நீட்டிப்புக்குத் தடை, கணக்குக் காட்டாதார்க்கு விலக்கு ஆகிய இரண்டும் இன்றைய குழுக்கள் எண்ணிப்பார்க்க வேண்டியவை.

முடிவுரை

உத்தரமேரூர் பிரமதேயமாதலின் இவ்விதிகள் பிராமண நில உடைமையாளரின் சபைக்குரியன. பெண்டிர், நிலமற்றோர், உழுகுடிகள், பிற சாதியார் ஆகியோரின் ஓலை அக்குடத்தில் இடப்படவே இல்லை. இதனை மறைத்து மக்களாட்சி எனப் பெருமை கொள்ளுதல் வரலாறு ஆகாது. இதனைக் காட்டி அம்முறையின் நுட்பத்தை முற்றும் புறக்கணித்தலும் ஆய்வு ஆகாது. பொறுப்புக்கு வந்தவரை ஐயுறுவதற்கும், காலம் முடிந்ததும் இறக்குவதற்கும், கணக்குக் கேட்பதற்கும் வழிவகுத்து, அதனைப் பலரும் காணக் கல்லில் பொறித்தது அச்சபையின் சாதனை. அவ்விதிகளை வகுக்கும் உரிமையைச் சிலருக்கே வைத்துக்கொண்டது அதன் குறை. அம்பர்நாத்தின் குலுக்குச் சீட்டாயினும், இணையத்தின் மையமற்ற குழுவாயினும், முதலில் கேட்கவேண்டிய வினா, ஓலையை யார் எடுக்கின்றார் என்பதன்று. யாருடைய ஓலை குடத்தில் இல்லை, யார் இன்னும் கணக்குக் காட்டவில்லை என்பதேயாகும்.