தேர்க் குதிரைக்கு வைத்தியம் பார்த்த கண்ணன்

போன ஞாயிறு கோத்தோங் ரோயோங்ல முனியாண்டி குதிரைக்குச் சாயம் அடிச்சுகிட்டு இருந்தோம். கால்ல காயத்தோட ஒரு நாய் வந்து குதிரை காலடியில படுத்துருச்சு. திருவிழா வருது, விரட்டுங்கன்னு சிலர். பாவம், இருக்கட்டும்னு சிலர். அப்போ ஒரு பெரியவர் பாரதத்தை எடுத்தார்.

பதினாலாம் நாள் போர். பொழுது சாயறதுக்குள்ள ஜயத்ரதனைக் கொல்லணும்னு அர்ச்சுனன் சபதம். நடுவழியில குதிரைகள் அம்பு பட்டு, தாகத்துல தள்ளாடுது. எதிரிகள் சூழ்ந்து நிக்கும்போதே அர்ச்சுனன் இறங்கி, அம்பால பூமியைப் பிளந்து தண்ணி வரவழைச்சான். கண்ணன் குதிரைகளை அவிழ்த்து, அம்புகளைப் பிடுங்கி, தன் கையாலேயே தேய்ச்சுவிட்டு, தண்ணி காட்டினார். தேர் ஓடணுமேன்னுதானே செஞ்சார்னு ஒரு தம்பி கேட்டான். கேள்வி நியாயம்தான்.

1912ல பால்கன் போரப்போ லண்டன்ல ஒரு சங்கம் காயம்பட்ட குதிரைகளுக்காக ப்ளூ கிராஸ் நிதி தொடங்குச்சு. 1914ல உலகப் போர் வந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் அவங்க உதவி வேணாம்னுடுச்சு. எங்களுக்குச் சொந்த மிருக வைத்தியர்கள் இருக்காங்கன்னு. அதனால பிரெஞ்சுப் படைக் குதிரைகளுக்கு ஆஸ்பத்திரி நடத்தினாங்க. குணமான குதிரை மறுபடி போர்முனைக்கே போகும். போர் முடிஞ்சதும் எகிப்துல இருந்த ஆயிரக்கணக்கான குதிரைகளை பிரிட்டிஷ் ராணுவம் வித்துடுச்சு. 1930ல கெய்ரோ போன டோரத்தி புரூக் அம்மா, அதுங்க எலும்பும் தோலுமா வண்டி இழுக்கிறதைப் பார்த்தாங்க. பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, வந்த பணத்துல வாங்கினாங்க. பலதுக்கு வலியில்லாத சாவைத்தான் கொடுக்க முடிஞ்சுது. 1934ல அங்கேயே ஆஸ்பத்திரியும் கட்டினாங்க.

சயாம் மரண ரயிலுக்கு ஆள் போகாத தோட்டம் நம்ம நெகிரி செம்பிலான்ல எத்தனை இருக்கும்? அங்க நம்ம தாத்தாமாரோட யானைகளும் மரம் இழுத்துச்சு. அதே தாய்லாந்து-பர்மா எல்லையில 1999ல மோதாலாங்கிற யானை கண்ணிவெடியை மிதிச்சு ஒரு பாதத்தை இழந்துச்சு. லம்பாங்ல 1993ல தொடங்கின யானை ஆஸ்பத்திரியில வச்சுப் பார்த்தாங்க. 2009ல செயற்கைக் கால் கிடைச்சுது. மோஷா குட்டி 2006ல வெடியை மிதிச்சப்போ அதுக்கு ஏழு மாசம்தான். அதுக்கும் கால் செஞ்சாங்க. வளர வளர புதுசா மாத்தணும்.

அந்தத் தம்பிக்கு இதைத்தான் சொன்னோம். மோதாலா அதுக்கப்புறம் மரம் இழுக்கல, சண்டைக்கும் போகல. ஒரு லாபமும் இல்லாமப் பார்த்தாங்க.

நாய் இன்னும் குதிரை காலடியிலதான் கிடக்கு. வியாழக்கிழமை மிருக வைத்தியர்கிட்ட கொண்டுபோறோம். வேன் இருக்கிறவங்க சொல்லுங்க.