டைனோசர் சுடப் போனவர்கள்

அரசாங்க ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவனுக்குக் கதை படித்தாலும் கண் முதலில் விதிமுறைகள் மேல்தான் போகும். கதாநாயகி பெயரை மறந்துவிடுவேன். யார் எதில் கையெழுத்துப் போட்டார், அபராதம் எவ்வளவு என்பது மட்டும் மறக்காது. அப்படி ஐம்பது வருடத்துக்கும் மேலாக என் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு கதையையும், அதன் பங்காளிக் கதைகள் சிலவற்றையும் பற்றி இன்று எழுதுகிறேன். எல்லாம் கால இயந்திரத்தில் ஏறிப்போய் டைனோசர் சுடுகிற கதைகள். பேரப்பிள்ளைகள் விஷயமென்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் தலைமுறைக்காரர்கள் எழுதியதும் அல்ல, நம் அப்பா தலைமுறைக்காரர்கள் எழுதியவை.

முதல் கதை ரே பிராட்பரி எழுதியது. 1952 ஜூன் 28 தேதியிட்ட 'காலியர்ஸ்' என்ற அமெரிக்க வார இதழில் வந்தது. ஆங்கிலத் தலைப்பு 'எ சவுண்ட் ஆஃப் தண்டர்'. நான் படித்தது 'அன் கூ த் தொனேர்'. பிராட்பரியின் 'லே போம் தோர் த்யு சொலேய்' என்ற தொகுப்பைப் பாரீஸில் தெனோயெல் பதிப்பகத்தார் 1956-இல் பிரெஞ்சில் போட்டிருந்தார்கள். எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தவர்களுக்கு அமெரிக்கா எல்லாம் பாரீஸ் வழியாகத்தான் வந்து சேரும். பிராட்பரி ஒரு பிரெஞ்சுக்காரர் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பதினேழு வயது.

கதை 2055-ஆம் வருடம் நடக்கிறது. 'டைம் சஃபாரி' என்று ஒரு கம்பெனி. பத்தாயிரம் டாலர் கட்டினால் ஆறு கோடி வருடம் பின்னால் கூட்டிப்போய் ஒரு டைனோசரைச் சுட வைப்பார்கள். உயிரோடு திரும்புவதற்கு உத்தரவாதம் இல்லை. போன வருடம் மட்டும் வழிகாட்டிகள் ஆறு பேரும் வேட்டைக்காரர்கள் ஒரு டஜன் பேரும் செத்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். சொன்னபடி கேட்காவிட்டால் இன்னொரு பத்தாயிரம் அபராதம், அதற்கு மேல் அரசாங்க நடவடிக்கையும் வரலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், வழிகாட்டி டிராவிஸ் சொல்கிற ஒரு விஷயம்: அரசாங்கத்துக்கு இந்தத் தொழிலே பிடிக்கவில்லையாம், லைசென்ஸைக் காப்பாற்றிக்கொள்ளப் பெரிய தொகையாக லஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கிறதாம். 2055-இலும் மேசைக்கடியில் கைநீட்டும் ஆபீஸ் இருக்கும் என்று எழுதிய மனிதர் தீர்க்கதரிசிதான்.

எக்கெல்ஸ் என்ற பணக்காரர் பணம் கட்டிக் கிளம்புகிறார். அங்கே காட்டில் தரையில் படாமல் மிதக்கிற ஓர் உலோகப் பாதை போட்டிருக்கிறார்கள். அதை விட்டு இறங்கக் கூடாது. ஓர் எலியை மிதித்தால் அதன் வம்சமே போச்சு; எலி இல்லாமல் நரி பட்டினி, நரி இல்லாமல் சிங்கம் பட்டினி, கடைசியில் வேட்டைக்குப் போன ஆதிமனிதன் ஒருவன் பட்டினியில் சாவான், அவனோடு ஒரு ஜாதி ஜனமே பிறக்காமல் போகும் என்று டிராவிஸ் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். அப்படியானால் டைனோசரை மட்டும் சுடலாமா? அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. முன்கூட்டியே ஓர் ஆள் போய், இன்னும் சில நிமிடத்தில் தானாகவே சாகப்போகிற மிருகம் எது என்று பார்த்து, அதன் மேல் சிவப்புச் சாயத்தால் குறி வைத்துவிட்டு வருகிறார். எக்கெல்ஸுக்கு ஒதுக்கிய டைரனோசரஸ், மரம் முறிந்து விழுந்து சாகவேண்டியது. மரம் விழுவதற்குச் சற்று முன் இவர்கள் சுட்டுக்கொள்ளலாம்.

மிருகத்தை நேரில் பார்த்ததும் எக்கெல்ஸுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. பாதையை விட்டு இறங்கிச் சேற்றில் ஓடிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் இருந்தபடியே இருக்கிறது, ஆனால் காற்றின் வாசனை வேறு, பலகையில் எழுத்துக்கள் தாறுமாறு. கிளம்பும்போது தேர்தலில் தோற்றிருந்த சர்வாதிகாரி இப்போது ஜெயித்து உட்கார்ந்திருக்கிறான். எக்கெல்ஸ் செருப்புச் சேற்றை வழித்துப் பார்க்கிறார். ஒரு வண்ணத்துப்பூச்சி நசுங்கிக் கிடக்கிறது.

ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன், பழைய ஆபீஸ் பழக்கம். டைனோசர்கள் அழிந்தது சுமார் 6 கோடியே 60 லட்சம் வருடத்துக்கு முன் என்பது இன்றைய கணக்கு. ஆறு கோடி வருடம் மட்டும் பின்னால் போயிருந்தால் எக்கெல்ஸுக்குச் சுட ஒன்றும் கிடைத்திருக்காது. பணத்தைத் திருப்பித் தந்திருப்பார்கள், உலகமும் தப்பியிருக்கும். பிராட்பரியைக் குறை சொல்ல முடியாது, அவர் காலத்துக் கணக்கு அது.

இந்த மாதிரிக் கதைகள் 1950-களில் கூட்டமாக வந்ததற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். 'சஃபாரி' என்பது பயணத்தைக் குறிக்கும் சுவாஹிலிச் சொல், அரபியிலிருந்து வந்தது. உருதுவில் 'ஸஃபர்' என்பதும் அதன் உடன்பிறப்பே. அதை உலகம் முழுக்கப் பரப்பியதில் பெரும்பங்கு தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு. அமெரிக்க ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கிய கையோடு 1909-இல் மகன் கெர்மிட்டைக் கூட்டிக்கொண்டு கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடப் போனார். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு மாதிரி சேகரிப்பது என்பது பேச்சு. அப்பாவும் பிள்ளையும் சுட்டவை மட்டும் 512. இது எதிராளிகள் போட்ட கணக்கு அல்ல, அவரே தன் புத்தகத்தில் பட்டியல் போட்டிருக்கிறார். (அந்த நாட்டில் அப்போது புழங்கியது நம் இந்திய ரூபாய்தான் என்பது பலருக்குத் தெரியாது.) அவருக்குப் பின் பணம் படைத்தவர்கள் வரிசை கட்டினார்கள். வழிகாட்ட வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள், கூடாரம் சுமக்கக் கறுப்பர்கள், எந்த மிருகத்தில் எத்தனை சுடலாம் என்று லைசென்ஸ். நம் நாட்டில் கலெக்டர்களும் ஜமீன்தார்களும் மகாராஜாக்களும் ஷிகார் போனது தெரிந்ததே.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது இந்த ஆட்டத்துக்கும் முடிவு தெரிய ஆரம்பித்துவிட்டது. மிருகங்கள் குறைந்தன. அந்தக் காடுகளுக்குச் சொந்தக்காரர்கள் சுதந்திரம் கேட்டார்கள். இந்தியாவில் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, கென்யா 1977-இல் வேட்டையையே தடை செய்தது. அப்படி ஒரு வேளையில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போக மிச்சமிருந்த இடம் கடந்த காலம் ஒன்றுதான். அங்கே மிருகத்துக்குப் பஞ்சம் இல்லை, சுதேசிகள் தொல்லை இல்லை, எப்படியும் செத்துப்போன ஜீவன் என்பதால் பாவமும் இல்லை. பிராட்பரியின் சிவப்புச் சாயம் இந்தக் கடைசிச் சமாதானத்துக்குத்தான். அதை நம்புகிற மாதிரி எழுதிவிட்டு, வண்ணத்துப்பூச்சியைக் கொண்டுவந்து உடைத்துவிட்டார்.

அடுத்தவர் எல். ஸ்ப்ரேக் டி காம்ப். 1956 மார்ச் 'கேலக்ஸி' இதழில் இவருடைய 'எ கன் ஃபார் டைனோசர்' வந்தது. இதை வேலையில் சேர்ந்தபின், ஆங்கிலம் கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயத்தில், அகராதியோடு படித்தேன். ரெஜினால்ட் ரிவர்ஸ் என்ற வேட்டை வழிகாட்டி தன்னிடம் வந்த ஒருவரிடம், உங்களை டைனோசர் சுடக் கூட்டிப்போக முடியாது என்கிறார். காரணம், ஆளுக்கு எடை போதாது! டைனோசரை வீழ்த்த .600 துப்பாக்கி வேண்டும். அதன் எடையே பதினான்கரை பவுண்டு. ஒல்லி ஆள் சுட்டால் அவனே மல்லாந்து விழுவான். போலீஸ் தேர்வில் மார்பளவு எடுக்கிற மாதிரி இதைக் கண்டிப்பாகச் சொல்கிறார். முன்பு ஒருமுறை இளகிப்போய் ஹோல்ட்சிங்கர் என்ற சிறிய உருவக்காரரைச் சின்னத் துப்பாக்கியோடு கூட்டிப்போனார். கூட வந்த பணக்கார முரடன் ஜேம்ஸ் கண்டபடி சுட்டு டைரனோசரஸைக் கிளப்பிவிட, மற்றவர்களைக் காப்பாற்றத் துணிந்து நின்ற ஹோல்ட்சிங்கர் அதன் வாயில் போனார்.

இந்த ரிவர்ஸின் கூட்டாளி பெயரைப் பார்த்துத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சந்திர அய்யர்! ஜான்பூர் என்ற சமஸ்தானத்துக்குப் பரம்பரை ராஜா என்று எழுதியிருக்கிறார். அய்யர் எந்த ஊரில் ராஜாவாக இருந்தார் என்று எனக்குத் தெரிந்த அய்யர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன். சிரித்தார்களே தவிர, பதில் இல்லை. ஆனாலும் டி காம்ப்பை ஒன்று பாராட்ட வேண்டும். 1956-இல் அமெரிக்கக் கதையில் ஓர் இந்தியர் கூடாரம் சுமக்காமல், சமையல் செய்யாமல், சரிபாதிக் கூட்டாளியாகத் துப்பாக்கி பிடித்து நிற்கிறார்.

இந்தக் கதையில் கடந்த காலத்தை மாற்றவே முடியாது. வீடு திரும்பிய ஜேம்ஸ், முந்தின நாள் தேதிக்குப் போய் ரிவர்ஸையும் அய்யரையும் சுட்டுவிடத் திட்டம் போட்டுத் திரும்பவும் காலத்தில் இறங்குகிறான். நடக்காத ஒன்றை நடத்தப் பார்த்தவனைக் காலம் அங்கேயே நொறுக்கித் திருப்பி எறிந்துவிடுகிறது. பிராட்பரிக்குக் காலம் கண்ணாடிச் சாமான். டி காம்ப்புக்கு அது கருங்கல். மோதினால் மோதியவன் தலைதான் உடையும்.

பிரிட்டனின் பிரையன் ஆல்டிஸ் 1958-இல் எழுதிய கதையில் வேட்டைக்காரன் பிரம்மாண்டமான பிராண்டோசரஸை வெற்றிகரமாகச் சுட்டுவிடுகிறான். செத்த உடம்பிலிருந்து இறங்குகிற ஒட்டுண்ணிகள் அடுத்த இடம் தேடி அவனைப் பிடித்துக்கொள்கின்றன. அருவருப்பான கதை, ஆனால் நியாயமான கதை. இவர்கள் எல்லோருக்கும் முன்பே, 1950-இல், ஐசக் அஸிமோவ் வேறு மாதிரி எழுதிவிட்டார்: காலத்தில் பின்னால் போய் வந்த ஒருவர் குடித்துவிட்டுச் சொல்கிறார், பெரிய டைனோசர்களைக் கூண்டோடு அழித்தது துப்பாக்கி பிடித்த சின்ன டைனோசர்கள்தான் என்று. சுட ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டனவாம்.

'பட்டர்ஃபிளை எஃபெக்ட்' என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அது பிராட்பரி கதையிலிருந்து வந்தது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லொரன்ஸ் முதலில் சொன்ன உதாரணம் கடற்புறாவின் சிறகு. 1972-இல் அவர் பேசிய கூட்டத்துக்குத் தலைப்பு வைத்த பிலிப் மெரிலீஸ் என்பவர்தான் பிரேசிலில் வண்ணத்துப்பூச்சி சிறகடித்தால் டெக்சாஸில் சூறாவளி வருமா என்று கேட்டார். 2005-இல் கதை சினிமாவாகவும் வந்தது. பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள்.

பிராட்பரி கதையைப் படித்த அன்று ராத்திரி, 1967-இல், அதை அப்பாவிடம் தமிழில் சொன்னேன். பதினேழு வயதுக்கே உரிய குத்தல் ஒன்று அதில் இருந்தது. புதுச்சேரியை இந்தியாவுக்கு ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சித்தப்பா எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடமே குடும்பத்தோடு கப்பலேறினார். அப்பா எழுதி வைத்த காகிதம் பெட்டியிலேயே இருந்தது; கையெழுத்துப் போடவில்லை. அண்ணன் தம்பி இருவரும் அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. சித்தப்பா பிள்ளைகளின் போட்டோ வருகிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

வண்ணத்துப்பூச்சியை மிதித்த இடத்தை வேண்டுமென்றே இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதியவர், கதையெல்லாம் படிக்கிறவர் இல்லை. ஆனால் நான் எங்கே வருகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு, "ஏண்டா, பாதைய விட்டு இறங்கினவனத்தான் எல்லாரும் திட்டுறாங்க. அந்தக் காட்டுல கொண்டுபோய்ப் பாதை போட்டவன் யாரு? அவனுக்கு எவ்வளவு அபராதம்?" என்று கேட்டார்.

புத்தகத்தில் அதற்கு ஒன்றும் போட்டிருக்கவில்லை. மறுநாள் காலையில் நூலகத்தில் அதைத் திருப்பிக் கொடுத்தேன். தவணை அன்றோடு முடிந்தது, ஒரு நாள் தாமதித்தாலும் கட்ட வேண்டியிருக்கும்.