பூட்டுத் திறந்ததா இல்லையா, யார் சொல்வது?

கொஞ்சம் நீளமான பதிவு, நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

போன கிழமை ராத்தாவின் மகன் வந்து, "மாமா, இருபது முகமுள்ள தாயக்கட்டை எங்க வாங்கலாம்?" என்று கேட்டான். கூட்டாளிமாரோடு 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' விளையாடுகிறானாம். ராத்தாவுக்குத் தாயக்கட்டை என்றாலே சூதுதான். இதில் காசும் இல்லை, பந்தயமும் இல்லை. ஆனாலும் மார்க்கத் தீர்ப்பு வேண்டுமானால் உலமாக்களிடம் கேளுங்கள். நான் சரித்திரம் மட்டும் சொல்கிறேன்.

இந்த விளையாட்டில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "பூட்டைத் திறக்கப் பார்க்கிறேன்" என்கிறார் ஒருவர். திறந்ததா இல்லையா? யார் முடிவெடுப்பது? இதற்குப் பதில் தேடி 150 வருடத்துக்கு மேல் போயிருக்கிறது.

1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் இராணுவ அதிகாரி, வரைபடத்தின் மேல் விளையாடும் போர்ப் பயிற்சிக்கு விதிகள் வெளியிட்டார். நடுவர் ஒருவர் இருப்பார். சூட்டில் எவ்வளவு இழப்பு என்பதைப் பகடையும் அட்டவணையும் சொல்லும். விதிகள் பெருகிப் பெருகி ஆட்டம் இழுபட்டது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி, பகடையும் வேண்டாம் அட்டவணையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் சொன்னால் போதும் என்றார்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. நடுவர் நல்லவராக இருக்கும் வரைக்கும். படிப்பிக்க வந்த முதல் வருடம், ஒரு பிள்ளையை வாசிக்க எழுப்பாமலே "உனக்கு வராது, உட்காரு" என்று சொன்னவன் நான். அவனுக்கு வருமா வராதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். மூன்று சின்னப் புத்தகங்கள், முதல் பதிப்பு 1,000 பிரதிகள். சண்டைக்குப் பகடை இருந்தது. மற்ற வேலைகளில் பெரும்பாலானவை நடத்துபவரின் வாயில்தான். அடுத்த வருடம் 'கிரேஹோக்' என்ற இணைப்பில் திருடன் பாத்திரம் வந்தது. பூட்டுத் திறக்க, ஒளிய, சத்தமில்லாமல் நடக்க அவனுக்குச் சதவீதங்கள் கொடுத்தார்கள். புதுத் திருடன் பூட்டைத் திறக்கும் வாய்ப்பு 15 சதவீதம். குறைவுதான், ஆனால் நடத்துபவரின் கோபதாபம் அதைத் தொடாது. இதில் ஒரு நட்டமும் உண்டு. அதுவரை யாரும் பதுங்கிப் போகலாம். ஒருவனுக்கு எண் எழுதியதும், எண் இல்லாதவர்களுக்கு "உங்களால் ஏலாது" என்றாகிவிட்டது.

1978இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' எல்லோருக்கும் எல்லாத் திறமைக்கும் சதவீதம் கொடுத்தது. எனக்குப் பிடித்தது இதன் வளர்ச்சி விதி. ஒரு திறமையைப் பயன்படுத்தி வென்றால் அதற்கு நேரே அடையாளம் போடுவார்கள். பிறகு மறுபடி உருட்ட வேண்டும். இப்போதிருக்கும் எண்ணை விடக் கூட விழுந்தால்தான் திறமை கூடும். 20இல் இருப்பவன் சுலபமாக ஏறுவான், 85இல் இருப்பவன் திணறுவான். 30 எடுக்கும் பிள்ளையை 45க்குக் கொண்டுவருவதையும் 88 எடுப்பவளை 93க்குக் கொண்டுபோவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஆசிரியர்மாருக்கு விளங்கும்.

2000இல் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு எல்லாவற்றையும் ஒரே இருபதுமுகிக்குள் கொண்டுவந்தது. நடத்துபவர் வேலையின் கடினத்துக்கு ஒரு எண் வைப்பார், 15 என்று வைப்போம். உருட்டிய எண்ணோடு உங்கள் திறமைப் புள்ளியைக் கூட்டி அதை எட்ட வேண்டும். பயிற்சி இல்லாதவருக்கு 15 முதல் 20 வரை ஆறு முகங்கள், 30 சதவீதம். பயிற்சியால் 5 புள்ளி உள்ளவருக்குப் பத்திலிருந்து பதினொரு முகங்கள், 55 சதவீதம். நடுவருக்கும் இடமுண்டு, உழைப்புக்கும் உண்டு, அதிர்ஷ்டத்துக்கும் உண்டு. ஆனால் கடின எண்ணை உருட்ட முன்னர் வைக்க வேண்டும். விழுந்ததைப் பார்த்துவிட்டு மாற்றினால் அது வெர்டியின் ஆட்டம்தான்.

ராத்தாவுக்கு நான் சொன்ன கடைசிச் சங்கதி: ஆரம்பகால ஆட்டக்காரர்களுக்கு இந்தக் கட்டைகள் கிடைத்தது சூதாட்டக் கடையில் அல்ல. பாடசாலைகளுக்குக் கணித உபகரணம் விற்ற கலிபோர்னிய நிறுவனமொன்றிடம் வாங்கியவை. இருபதுமுகியில் 0 முதல் 9 வரை இரண்டு தடவை எழுதியிருக்கும்.

"அப்ப ஒன்ட ஸ்கூல்ல இருந்து ஒன்டு எடுத்துக் குடேன்" என்றாள். எங்களிடம் எங்கே இருக்கிறது! மருமகனும் நானும் அட்டையில் வலையுரு வெட்டி ஒட்டினோம். பசை ஒரு பக்கம் கூடிவிட்டது. அடிக்கடி ஏழுதான் விழுகிறது.