பூட்டிய வன்தட்டு

மருதமுனைக் கைத்தறியில் ஓர் உறுப்பு தேய்ந்தால் நெசவாளர் வேறொன்றைச் செய்வித்துப் பொருத்துவார், தறி மறுப்பதில்லை. 2001 நவம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட எக்ஸ்பொக்ஸ் என்னும் விளையாட்டுக் கருவியோ மறுத்தது. அதன் 8 கிகாபைற் வன்தட்டு பூட்டப்பட்டிருந்தது; பூட்டின் திறவுகோல் தாய்ப்பலகையின் சிறு நினைவகத்துள் இருந்தது. அத்திறவுகோலுக்கு இணங்காத வேறு தட்டைக் கருவி ஏற்காது.

2002இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சார்ந்த அன்ட்ரூ ஹுவாங், சில்லுகளுக்கிடையே ஓடும் தரவுகளை இடைமறித்துக் கருவியின் மறைகுறியை வெளிக்கொணர்ந்தார். பின்வந்தோர் தொடக்க மென்பொருளையே மாற்றியமைத்தனர். பூட்டற்ற தட்டுகளும் இயங்கலாயின. 28 பிற் முகவரியால் நேர்ந்த 137 கிகாபைற் எல்லை, 48 பிற் முகவரியால் அகன்றது. இன்றைய சாற்றா தட்டைப் பொருத்த ஓர் இடைமாற்றி போதும்.

களவுப் பிரதிகளுக்கும் இவ்வழி உதவியது உண்மையே. ஆயினும் விலைகொடுத்து வாங்கிய பொருளின் பூட்டைத் திறப்பதைக் களவென்பது பொருந்தாது.

இன்று அக்கருவிகளிற் பலவற்றில், கடிகாரத்துக்கென அமைந்த கொள்ளளவி கசிந்து தாய்ப்பலகையின் செப்புத் தடங்களை அரிக்கின்றது. கல்முனைக் கரையின் உப்புக்காற்றும் அதற்குத் துணைபோகும். பலகை பழுதாகுமுன் திறவுகோலைப் படியெடுத்தவர்க்குப் பழைய தட்டு திறக்கும். ஏனையோர்க்குப் பெரும்பாலும் திறவாது.