வீதியைக் கடக்கும் உரிமை

வீதியின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் சேர்வது, நம் பெருநகரங்களில் வெள்ளம் பெருகிய ஆற்றைக் கடப்பதினும் அரிதாகிவிட்டது. மும்பையின் மாதுங்காவிலும், டில்லியின் கரோல்பாகிலும், பெங்களூரின் அல்சூரிலும் வாழும் நம்மவர், கோயிலுக்கும் கடைவீதிக்கும் பள்ளிக்கும் செல்ல நாள்தோறும் இவ்வாற்றில் இறங்கியே ஆகவேண்டும். வீதியில் பாதசாரிக்குரிய இடம் யாது என்னும் வினா நம் காலத்தில் எழுந்ததன்று. அதற்கு ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுச் சரித்திரம் உண்டு.

கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதையுண்ட பாம்பேயி நகரத்தை அகழ்ந்தபோது, வீதிகளின் குறுக்கே பெரிய கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கக் கண்டார்கள். மழைநீரும் கழிவுநீரும் ஓடும் வீதியைக் கால் நனையாமல் கடப்பதற்கு அமைந்தவை அவை. கற்களுக்கிடையே வண்டிச் சக்கரங்கள் நுழைவதற்குரிய இடைவெளி இருந்தது. ஆகவே வண்டிக்காரன் அவ்விடத்தில் நிதானித்தே செல்லவேண்டியிருந்தது. வழிவிடும்படி அவனிடம் எவரும் மன்றாட வேண்டியதில்லை. கல்லே அவனை அடக்கிற்று.

பிற்காலத்தில் கல்லின் இடத்தை விளக்கும் வர்ணமும் பெற்றன. 1868 டிசம்பரில், லண்டன் பார்லிமெண்டின் எதிரே, ஜான் பீக் நைட் என்ற ரயில்வே எஞ்சினீயரின் யோசனைப்படி ஒரு கைகாட்டிக் கம்பம் நிறுவப்பட்டது. இரவில் அதில் சிவப்பும் பச்சையுமான காஸ் விளக்குகள் எரிந்தன. மறுமாதமே காஸ் கசிந்து வெடித்து, அதை இயக்கிய போலீஸ்காரர் காயமுற்றார், அம்முயற்சியும் கைவிடப்பட்டது. 1896-ல் அதே லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் மாது மோட்டார் வண்டி மோதி இறந்தார். பிரிட்டனில் மோட்டாருக்குப் பலியான முதல் பாதசாரி அவரே.

1934-ல் போக்குவரத்து மந்திரி ஹோர் பெலிஷா, கடவைகளின் ஓரங்களில் மஞ்சள் உருண்டை தாங்கிய கம்பங்களை நடச்செய்தார். தரையில் பதித்த உலோகக் குமிழ்களோ, விரைந்து வரும் ஓட்டியின் கண்ணில் எளிதில் படவில்லை. 1949-ல் பல இடங்களில் சோதனை நடத்தியபின், 1951-ல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் சட்டபூர்வமாக இடம்பெற்றன. வரிக்குதிரைக் கடவை பிறந்த கதை இதுவே.

நம் நாட்டில் 1934-ல் தோன்றிய இந்தியச் சாலைகள் காங்கிரஸ், பாதசாரிகளுக்கான வசதிகளைப் பற்றி 1988-ல் ஒரு நெறிமுறை நூலை வெளியிட்டது. 2012-லும் 2022-லும் அது திருத்தப்பெற்றது. சைகை விளக்கில்லாத கடவையில் வாகனம் நின்று வழிவிட வேண்டுமென்று 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசாங்க விதிகளும் கூறுகின்றன. விதி இருந்தும், 2022-ல் சாலை விபத்துகளில் மாண்ட 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். அதாவது ஏறக்குறைய ஐவரில் ஒருவர்.

இந்நிலையை மாற்றும் முயற்சியில் தமிழர் ஒருவருக்கும் பங்குண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலைப் பாதுகாப்பை வேண்டி 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில்தான் 2025 அக்டோபரில், ஐம்பது நகரங்களின் நடைபாதைகளையும் கடவைகளையும் தணிக்கை செய்யுமாறு நீதிமன்றம் பணித்தது.

தணிக்கையில் நோக்கவேண்டியது யாது? வர்ணம் மட்டும் போதாது என்பதே முதற்பாடம். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாகக் கணக்கிட்டால், 24 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க 20 விநாடி போதும். விநாடிக்கு 0.8 மீட்டரே நடக்கவல்ல மூதாட்டிக்கோ 30 விநாடி வேண்டும். விளக்கு 20 விநாடியில் மாறிவிட்டால், மிகுந்த எட்டு மீட்டரை அவர் வாகனங்களின் நடுவே கடக்க நேரும். சாலையின் மத்தியில் ஒரு சிறு மேடை இருந்தால், அவர் அங்கே தங்கி, மறுபாதியை அடுத்த முறை கடக்கலாம். கடவையையே நடைபாதையின் உயரத்துக்கு எழுப்பிவிட்டால், வாகனம் தானே வேகத்தைக் குறைக்கும். பாம்பேயியின் கல் செய்த வேலையும் இதுவே. மேம்பாலப் படிகளோ முழங்கால் வலியுள்ளவருக்குப் பயன்படா. அவர் மீண்டும் சாலையிலேயே இறங்குவார்.

நாம் பிற மாநிலத்தில் குடியேறியவர்கள். இவற்றைக் கேட்க நமக்கு உரிமை ஏது என்று சிலர் தயங்குவதுண்டு. அத்தயக்கம் வேண்டுவதில்லை. வரி செலுத்தும் நகரமே நம் நகரம். அதன் வீதியில் நடப்பவர் எம்மொழியினராயினும் அவருக்குள்ள அபாயம் ஒன்றே. ஆகவே நம் சங்கங்களும் சபைகளும், கன்னடரோடும் மராட்டியரோடும் அண்டை அயலார் அனைவரோடும் கூடி, ஒரு நாள் கடவையருகே நிற்கட்டும். பச்சை விளக்கு எத்தனை விநாடி எரிகிறது, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடக்கின்றனர், அவருள் முதியோரும் குழந்தைகளும் எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளட்டும். அக்குறிப்போடு அவ்வூர் மொழியில் எழுதிய விண்ணப்பத்தை நகராட்சிக்கும் போக்குவரத்துப் போலீசாருக்கும் அளித்து, பதில் வரும்வரை விடாது கேட்கட்டும்.